கவிழ்ந்த வண்டியின் சாட்சியம்

(எமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் மங்கலமான பொருளன்று. ஆண்டு மலரிலே இடம்பெறப் போகும் ஓர் உரையில் சாவைப் பற்றிப் பேசத்தான் வேண்டுமோ என்று செயலாளரும் சற்றுத் தயங்கினார். ஆனால், இவ்வருடமும் சங்கத்தார் கதிர்காம யாத்திரைக்கு வண்டி பேசுகிறார்கள். இங்கே கூடியிருப்போரின் வீடுகளிற் பெரும்பாலானவற்றிலிருந்து ஒரு பிள்ளையாவது கொழும்புக்கோ பேராதனைக்கோ இரவு பஸ்ஸிற் போய் வருகிறது. அப்படியிருக்க, பேசாமல் விடுவதுதான் அமங்கலம் என்று எமக்குத் தோன்றிற்று.

2022 நவம்பர் 5ஆம் திகதி நள்ளிரவு கடந்த வேளையில், யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு நோக்கிச் சென்ற சொகுசு பஸ் ஒன்று வவுனியாவுக்கு அண்மையில் நொச்சிமோட்டையிற் கவிழ்ந்தது. மூவர் மாண்டனர். அவர்களில் ஒருவர் அவ்வண்டியின் சாரதி. ஒருவர் பல்கலைக்கழக மாணவி. காயமுற்றோர் பலர். மறுநாள் முழுவதும் குடாநாட்டின் சந்திகளிலே ஒரே பேச்சு. "சரியான வேகமாம்" என்றார் ஒருவர். "நித்திரை தூங்கிவிட்டானாம்" என்றார் மற்றொருவர். "எல்லாம் விதி, தம்பி" என்று பெருமூச்சுவிட்டார் ஒரு முதியவர். சில நாட்களிற் பேச்சு அடங்கிற்று. நாமும் அடுத்த கிழமைக்கு ஆசனம் பதிவு செய்யத் தொடங்கிவிட்டோம்.

அந்தப் பேச்சுக்களில் எதனையும் பொய்யென்று சொல்ல வரவில்லை. வேகமும் விபத்துக்குக் காரணமாகும், நித்திரையும் காரணமாகும். ஆனால் எவரும் கேளாத கேள்வி ஒன்று உண்டு. ஒரே வண்டியிலே, ஒரே நேரத்திலே, ஒரே பள்ளத்திலே விழுந்தவர்களுள் ஒருவர் கையிற் சிராய்ப்போடு எழுந்து வர, அடுத்த ஆசனத்தில் இருந்தவர் ஏன் இறந்தார்? விபத்து ஏன் நேர்ந்தது என்பது ஒரு விசாரணை. மனிதர் ஏன் மாண்டார் என்பது வேறொரு விசாரணை. நம் நாட்டில் முதலாவதைத்தான் ஓரளவு செய்கிறோம். இரண்டாவதைப் பெரும்பாலும் செய்வதேயில்லை.

பஸ் ஒன்று கவிழ்ந்தால் நடப்பது என்ன? பொலிசார் வருவர். சாரதி உயிரோடிருந்தால் கைதாவார். திடீர் மரண விசாரணை அதிகாரி பிரேதங்களைப் பார்வையிடுவார். மோட்டார் வாகனப் பரிசோதகர் வந்து பிறேக்கையும் சுக்கானையும் பார்த்து அறிக்கை எழுதுவார். பின்பு நீதிமன்றம். இவையெல்லாம் வேண்டியவையே. ஆயினும் இவை அனைத்தும் தேடுவது குற்றவாளியை. குற்றவாளி அகப்பட்டதும், அல்லது அவரும் இறந்துபோனார் என்று தெரிந்ததும், கோவை மூடப்படுகிறது. அதே மாதிரிக் கட்டப்பட்ட நூறு வண்டிகள் அன்றிரவும் ஓடுகின்றன.

அமெரிக்காவிலே 1967இல் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை என்று ஒன்றை நிறுவினார்கள். விமானமோ றெயிலோ கப்பலோ பஸ்ஸோ, பெரு விபத்து நேர்ந்தால் அச்சபையார் போய் ஆராய்வர். எவரையும் தண்டிப்பது அவர்கள் வேலையன்று. விபத்தின் காரணத்தைப் பற்றி அவர்கள் எழுதும் முடிவை நட்டஈட்டு வழக்கிலே சான்றாகக் காட்டவும் சட்டம் இடங்கொடுப்பதில்லை. இது நமக்கு விசித்திரமாய்த் தோன்றலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள்: பழி தன் தலையில் விழாது என்று தெரிந்தாலன்றோ மெக்கானிக்கும் முதலாளியும் உண்மையைச் சொல்வார்கள்?

அப்படி ஆராய்பவர் எதைப் பார்ப்பார்? இளைஞர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வண்டி பேசாது என்று நினைப்பது தவறு. றோட்டிலே ரயர் உராய்ந்த கோடு எங்கே தொடங்குகிறது என்பது, சாரதி ஆபத்தை எப்போது கண்டார் என்று சொல்லும். கோடே இல்லையாயின், ஒருவேளை அவர் பிறேக்கைத் தொடவில்லை. ஒருவேளை தொட்டும் அது பிடிக்கவில்லை. பழைய மாதிரி மின்குமிழின் உள்ளே இருக்கும் இழை, எரிந்துகொண்டிருக்கும் வேளையில் மோதல் நேர்ந்தால் இளகி நீண்டுவிடும். அணைந்திருந்தால் அப்படி நீளாது. ஆகவே விளக்கு எரிந்ததா இல்லையா என்று சாட்சிகள் சண்டையிடத் தேவையில்லை. ரயரின் பக்கத்திலே நான்கு இலக்கங்கள் பொறித்திருக்கும். 2319 என்றிருந்தால், 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் வார்த்த ரயர் அது. பூ நன்றாயிருந்தாலும் றப்பர் மூப்படையும். இவ்வளவும் விபத்தின் காரணத்தை அறிவதற்கு.

சாவின் காரணத்தை அறிவதற்கு அவர் வண்டியின் உள்ளே நுழைவார். கூரை எவ்வளவு கீழிறங்கியது? எந்தத் தூண் மடிந்தது? எந்த ஆசனம் தரையைவிட்டுக் கிளம்பியது? இறந்தவர் எந்த ஆசனத்தில் இருந்தார், எங்கே கிடந்தார், எக்காயத்தால் இறந்தார்? இவற்றை ஒரு வரைபடத்திலே குறித்தால், அந்தப் படமே அடுத்த வண்டியை எப்படிக் கட்டவேண்டும் என்று சொல்லிவிடும்.

எமது சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லவேண்டும். பல வருடங்களுக்கு முன் கவிழ்ந்த பஸ் ஒன்று திருத்துவதற்காக ஒரு வேலைத்தலத்துக்குக் கொண்டுவரப்பட்டது. யாருடையது, எங்கே என்பது இங்கு வேண்டாம். வெளியே பளபளவென்று வர்ணம். முன்கண்ணாடிக்கு மேலே தெய்வப் படங்கள், மின்விளக்கு மாலை. பக்கத் தகட்டை உரித்ததும் நாம் கண்டதென்ன? யன்னலுக்குக் கீழே தூண்கள் கறள் தின்று, விரலால் நோண்ட உதிரும் நிலை. கறளின்மேல் பூச்சுக் களிம்பு, அதன்மேல் வர்ணம். ஆசனம் ஒன்றுக்கு நான்கு ஆணி இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு. அந்த இரண்டும் உக்கிய பலகையிலே முறுக்கப்பட்டிருந்தன. அந்த ஆசனத்தில் இருந்த பெண்மணி ஆசனத்தோடு சேர்ந்தே பறந்திருக்கிறார். வழக்கு முடிந்தபோது "கவனக்குறைவான சாரதியம்" என்று எழுதப்பட்டது. கறளைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அதைப் பார்த்தவர்களாகிய நாமும் எவருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. வாயை மூடிக்கொண்டோம், வேலை போய்விடும் என்ற பயம். இன்று இங்கே நின்று பேசுவதற்கு அந்த மௌனமும் ஒரு காரணம்.

நம் நாட்டில் ஓடும் பஸ்களிற் பல, லொறிக்குரிய அடிச்சட்டத்தின்மேல் உள்ளூரிலே உடல் கட்டி ஓடுபவை. சீமெந்து மூட்டை ஏற்றுவதற்கு ஏற்ற சட்டம் அது. தரை உயரம்; சுருள் வில் அல்ல, பட்டை வில். ஆசனங்களையும் ஆட்களையும் கூரைச் சாமான்களையும் ஏற்றும்போது பாரம் மேலே போகிறது. வளைவிலே கவிழ்வதற்கு அவ்வளவு வேகம் தேவைப்படாது. ஐரோப்பாவிலே 1986 முதல் ஐக்கிய நாடுகளின் 66ஆம் இலக்க ஒழுங்குவிதி என்று ஒன்று உண்டு. வண்டியை ஒரு மேடையிலே சரித்து, 800 மில்லிமீற்றர் ஆழமான பள்ளத்திலே பக்கவாட்டாய் விழவிட்டுப் பார்ப்பார்கள். விழுந்தபின், ஆட்கள் இருக்கும் இடம் என்று குறித்துவைத்த வெளிக்குள்ளே தூணோ கூரையோ நுழையக்கூடாது. நுழைந்தால் அவ்வகை வண்டி தேறாது. சுருங்கச் சொன்னால், பெட்டி நசுங்காதிருக்க வேண்டும். அதற்கு இரும்பு எவ்வளவு கூடுதலாய் வேண்டும், செலவு எவ்வளவு என்று கணக்குப் பார்க்கலாம். பார்க்கத்தான் வேண்டும்.

பெட்டி நசுங்காதிருந்தாற் போதுமா? போதாது. உள்ளிருப்பவர் பெட்டிக்குள்ளேயே நிற்கவேண்டும். பஸ் உருளும்போது கண்ணாடி நொறுங்க, ஆட்கள் வெளியே வீசப்பட்டு அந்த வண்டியின் கீழேயே அகப்படுகிறார்கள். இதைத் தடுப்பது ஆசனப்பட்டி ஒன்றுதான். 2025 மே 11ஆம் திகதி, வெசாக்குக்கு முதல்நாள் விடியற்காலை, கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குப் போன இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ் கொத்மலைப் பகுதியில் கெரண்டி எல்ல என்னுமிடத்திலே பள்ளத்தில் விழுந்து 23 பேர் மாண்டதை மறந்திருக்க மாட்டீர்கள். ஆசனங்களுக்கு மேலதிகமாக ஆட்கள் நின்றுகொண்டு சென்ற வண்டி அது. தன் குழந்தையை மார்போடு அணைத்துக் காத்துத் தான் உயிர்நீத்த தாயின் செய்தியைப் படித்து அழாதவர் யார்? நாமும் அழுதோம். ஆனால் அழுது முடிந்தபின் ஒரு நினைவு வந்தது. தாயின் கைகள் செய்த வேலையைச் செய்யவேண்டியவை, அந்த வண்டியில் இல்லாத ஒரு பட்டியும் தரையிலே இறுகப் பிணைத்த ஓர் ஆசனமும் அல்லவா?

அவ்வாண்டு யூலை முதலாகப் பஸ் சாரதிகள் ஆசனப்பட்டி அணிவது கட்டாயமாக்கப்பட்டது. நல்லது. சாரதி தன் ஆசனத்தில் நிலைத்திருந்தாலன்றிச் சுக்கானைப் பிடிக்க முடியாது. அவருக்குப் பின்னால் இருக்கும் ஐம்பது பேரின் கதையும் பேசப்பட வேண்டும்.

இது நடக்கிற காரியமா என்று பெரியவர்கள் கேட்கலாம். அவுஸ்திரேலியாவில் நடந்தது. 1989 ஒக்டோபர் 20ஆம் திகதி நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் கௌப்பர் என்னுமிடத்திலே பெரிய லொறியொன்று பஸ்ஸுடன் மோதி 21 பேர் இறந்தனர். இரண்டு மாதமும் இரண்டு நாளும் கழித்து, டிசெம்பர் 22ஆம் திகதி விடியற்காலை, அதே நெடுஞ்சாலையிலே கெம்சி என்ற ஊருக்கு அருகே இரண்டு பஸ்கள் நேருக்குநேர் மோதி 35 பேர் இறந்தனர். நத்தாருக்கு வீடு போய்க்கொண்டிருந்த சனங்கள். அங்கும் ஆசனங்கள் தரையைவிட்டுப் பிடுங்குண்டு, ஆட்களோடு முன்னே போய்க் குவிந்தன. மரண விசாரணை நடத்தியவர் சாரதி தூங்கினார் என்பதோடு நிற்கவில்லை. ஆசனத்தையும் பட்டியையும் றோட்டையும் பற்றிப் பேசினார். 1994இல், நெடுந்தூரப் பஸ்களுக்குத் தோளையும் இடுப்பையும் பிடிக்கும் பட்டியும், அதைத் தாங்கும் பலமுள்ள ஆசனமும் வேண்டும் என்று விதி வந்தது. போக்கும் வரவும் மோதாதபடி அந்த நெடுஞ்சாலையை இரண்டாய்ப் பிரிக்கும் வேலை நீண்டு, அதன் பெரும்பகுதி முடிய 2020 ஆயிற்று. முப்பது வருடம்! ஆனால் தொடங்கினார்கள்.

கேளாமல் விட்டால் என்னாகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. இங்கிலாந்தில் யோர்க்ஷயர் மலைப் பகுதியில் டிபிள்ஸ் பாலம் என்று ஒன்று. செங்குத்தான இறக்கத்தின் அடியில் வளைவு, வளைவிலே பாலம். 1925இல் அங்கே ஒரு பஸ் விழுந்து 7 பேர் இறந்தனர். சரியாக ஐம்பது வருடம் கழித்து, 1975 மே 27ஆம் திகதி, முதிய பெண்கள் உல்லாசப் பயணம் போன பஸ் அதே இறக்கத்தில், அதே பாலத்தில், பிறேக் பிடியாமல் விழுந்தது. சாரதியோடு 33 பேர். பிறேக்குகள் நல்ல நிலையில் வைத்திருக்கப்படவில்லை என்பது பின்னர் தெரியவந்தது. பாரதத்திலும் அவ்வாறே. 2013 ஒக்டோபர் 30ஆம் திகதி, தீபாவளி நெருங்கும் வேளையில், பெங்களூரிலிருந்து ஐதராபாத்துக்குச் சென்ற பஸ் மகபூப்நகர் மாவட்டத்திலே மதகுச் சுவரில் மோதித் தீப்பற்றி 45 பேர் கருகினர். 2025 ஒக்டோபர் 24ஆம் திகதி, அதே இரு நகரங்களுக்கிடையே, எதிர்த் திசையிற் சென்ற பஸ் கர்நூல் அருகே மோட்டார் சைக்கிளோடு மோதித் தீப்பற்றியது. மீண்டும், உறங்கிய வேளையில் வெளியேற வழியின்றி மாண்டவர்கள்.

வெளியேறும் வழி என்றதும் எமது சங்கத்தின் முன்னைய யாத்திரை ஒன்று நினைவுக்கு வருகிறது. அவசரக் கதவுக்கு நேரே கிடாரமும் அரிசி மூட்டையும் பாய்க் கட்டும் அடுக்கியிருந்தோம். கதவோ கிறீச்சிடாதபடி கம்பியாற் கட்டப்பட்டிருந்தது. அடுக்கியவர்கள் நாமே, முதலாளியைக் குறைசொல்ல இடமில்லை. சுவாமி புண்ணியத்தில் ஒன்றும் நடக்கவில்லை. நடக்காதபடியால் அது சரியாகிவிடுமா?

கதிர்காமம் போகும் நாம் மற்றொன்றையும் நினைக்கவேண்டும். நம் குடாநாடு சமதரை. மலை என்பதை நம் சாரதிகள் வேறூருக்குப் போனாற்றான் காண்பார்கள். திரும்பும் வழியில் "நுவரெலியாவையும் ஒருக்காப் பார்த்துவிட்டுப் போவம்" என்று நாம் கேட்போம், அவரும் மறுக்கமாட்டார். இறக்கத்திலே பிறேக்கை இடைவிடாது மிதித்தபடி வந்தால் தகரமும் பட்டையும் சூடேறி, ஒரு கட்டத்தில் எவ்வளவு மிதித்தாலும் பிடியாது. பழைய மலைநாட்டுச் சாரதிகள் ஒரு மலையில் எந்தக் கியரில் ஏறுவார்களோ அந்தக் கியரிலேயே இறங்குவார்கள். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு, எல்ல–வெல்லவாய வீதியிலே, சுற்றுலா சென்ற தங்காலை நகரசபை ஊழியர்களும் குடும்பத்தவரும் வந்த பஸ் ஜீப் ஒன்றுடன் மோதி, ஓரத்து வேலியையும் உடைத்துக்கொண்டு பாதாளத்தில் விழுந்து 15 பேர் இறந்தனர். கதிர்காமத்திலிருந்து நுவரெலியாவுக்குப் போகிறவர்களும் பெரும்பாலும் அந்த வீதியாலேதான் போகிறார்கள்.

இனி, நித்திரை. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறக்குறைய 400 கிலோமீற்றர். ஐரோப்பாவிலே நாலரை மணி நேரம் ஓட்டினால் முக்கால் மணி நேரம் ஓய்வெடுத்தே ஆகவேண்டும். ஓட்டிய நேரத்தையும் வேகத்தையும் வண்டியிலுள்ள கருவி பதிந்துகொள்ளும், மறைக்க முடியாது. பின்னிரவு இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையே மனித உடம்பு நித்திரையைக் கேட்கும். தேத்தண்ணியால் அதைக் கொஞ்ச நேரம்தான் ஏமாற்றலாம்.

சாரதி ஏன் விரைகிறார்? இங்கே நாம் கொஞ்சம் நம்மையும் விசாரிக்கவேண்டும். "அந்தப் பஸ் திறம், விடிய நாலு மணிக்கே வெள்ளவத்தையில் இறக்கிவிடுவான்" என்று புகழ்ந்து, அதற்கே ஆசனம் பதிகிறவர்கள் யார்? மெதுவாய் ஓட்டியவரை "மாட்டுவண்டி" என்று பகிடி பண்ணியவர்கள் யார்? வேகம் 60இலிருந்து 80க்குப் போனால் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. மோதலின் வலுவோ முக்காற் பங்குக்கு மேலே கூடிவிடுகிறது. 80இல் ஒரு வினாடி கண்ணயர்ந்தால் வண்டி 70 அடிக்கு மேல் ஓடிவிடும். மாடு குறுக்கே நிற்பதற்கு அவ்வளவு தூரம் தேவையில்லை.

விதி என்ற முதியவருக்கு நாம் மறுமொழி சொல்லவில்லை. சாவீட்டிலே தர்க்கம் பண்ணுவது அழகன்று. ஆனால் அவரும் நாமும் கண்டி வீதியாலே போகும்போது முறிகண்டியில் இறங்காமற் போவதில்லை. பிள்ளையாருக்குக் கர்ப்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைத்து, கச்சானும் வாங்கிக்கொண்டுதான் ஏறுகிறோம். அந்தப் பத்து நிமிடத்திலே, இறங்கிய இளைஞரில் இருவர் டோர்ச் லைற் ஒன்றை எடுத்துக்கொண்டு வண்டியை ஒருமுறை சுற்றிவந்தால் என்ன? முன்சில்லு ரயரின் இலக்கத்தைப் படிக்கலாம். பின்விளக்கு எரிகிறதா என்று பார்க்கலாம். சாரதியின் முகத்தைப் பார்த்து "அண்ணை, சாப்பிட்டீங்களோ, மற்ற டிறைவர் எங்கை?" என்று கேட்கலாம். பிள்ளையார் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சங்கத்தின் நிருவாகக் குழுவுக்குச் சில வேண்டுகோள்களை எழுதிக் கொடுத்திருக்கிறோம். வண்டி பேசும்போது வாடகையை மாத்திரம் கேளாமல் தகுதிச் சான்றிதழின் திகதியையும் கேட்க வேண்டும். இரண்டு சாரதிகள் வரவேண்டும். ஒருவராவது மலைநாட்டிலே ஓட்டிப் பழகியவராய் இருக்கவேண்டும். சமையல் சாமான்களுக்கு வேறு சிறு வண்டி பிடிக்கவேண்டும். அந்தச் செலவைத் தாங்குவதற்கு அன்பர் ஒருவர் முன்வந்திருக்கிறார். ஆசனங்களுக்கு மேலாக ஒருவரையும் ஏற்றக்கூடாது. கடைசி நேரத்திலே "மாமி ஒராள்தான், மடியிலை இருப்பா" என்று வருகிறவர்கள் மன்னிக்கவேண்டும். அதோடு, ஊரிலே எந்த விபத்து நடந்தாலும், பார்த்தவர்கள் பார்த்ததைத் திகதியிட்டு எழுதிச் சங்கத்திலே தரவேண்டும். கறளைக் கண்டால் கறள் என்று எழுதவேண்டும். அதை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கும் தேசியப் போக்குவரத்து ஆணைக்குழுவுக்கும் அனுப்பி, மறுமொழி வருமட்டும் நினைவூட்டுவது எம் பொறுப்பு.

இவ்வருடத்து வண்டி வருகிற ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குச் சங்க முன்றலுக்கு வருகிறது. ஆசனங்களை ஆட்டிப் பார்க்கவும் அவசரக் கதவைத் திறந்து பார்க்கவும் ஆறேழு இளைஞர் தேவை. பழைய உடுப்போடு வாருங்கள்; கீழே படுத்துப் பார்க்கவேண்டியிருக்கும்.